மஞ்சல் பிஷப்பின் நாற்காலி

பேராயர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். கடிதங்களையும் தீர்மானங்களையும் மொழிபெயர்ப்பது வார நாள்களின் வேலை. வெளிநாட்டு விருந்தினர் ஆலயங்களில் பேசும்போது அருகில் நின்று, அதைத் தமிழிலோ மலையாளத்திலோ சபையாருக்குச் சொல்வது ஞாயிற்றுக்கிழமை வேலை. நெய்யாற்றின்கரை முதல் பாறசாலை வரையிலான சபைகளில் என்னை அறிந்தவர்கள் இந்த இரண்டாவது வேலையால் அறிந்தவர்களே. அவர்கள் எனக்கு இட்ட பெயர் ‘தர்ஜமை சார்’. தர்ஜமை என்றால் இந்தப் பக்கத்தில் மொழிபெயர்ப்பு. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவனுக்கு இது உகந்த பெயரல்ல என்று பலமுறை தெரிவித்திருக்கிறேன். பயன் இல்லை.

சென்ற மாதம், இப்போது அதே பணியைச் செய்யும் இருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். விருந்தினர் பேசப் பேச, கருவி ஒன்று அதைத் தமிழாக்கித் திரையில் எழுத்தாகக் காட்டும் ஏற்பாடு வரப்போகிறதாம். அதற்கு முன் நாங்கள் கடைப்பிடித்த முறைகளை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள்.

“உங்களுக்கு வேலை போய்விடுமே, கவலை இல்லையா?” என்றேன்.

“மெஷினு தப்புச் சொன்னா ஏசுறதுக்கு ஒரு ஆளு வேணுமே சாரே. அதுக்கு எங்கள வச்சிருப்பாங்க” என்றார் இருவரில் மூத்தவர்.

நியாயமான பதில். ஆகவே எழுதுகிறேன்.

நான் பட்டம் பெற்றது திருவனந்தபுரத்தில். அதற்குச் சான்றிதழ் இருக்கிறது, விவரிக்கத் தேவையில்லை. வேலை கற்றது ஞானாபரணம் சாரிடம். அவர் எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைவர். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையும், கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய ஒழுங்கும் அவருடைய அடையாளங்கள். யாரையும் தம் மேசைக்கு அழைக்கமாட்டார். நம் மேசையருகே வந்து பேசாமல் நிற்பார். நாம் தலை நிமிர்ந்து பார்த்து, பதறி எழுந்த பிறகுதான் வாய் திறப்பார். பிழையைச் சுட்டிக்காட்டும் வழக்கமும் அவரிடம் கிடையாது. பிழை இருக்கும் தாளை மட்டும் மறுபடியும் நம் முன் வைத்துவிட்டுப் போவார். எங்கே பிழை என்று நாமே தேட வேண்டும். தேடிய வேகத்தில், அவர் கவனிக்காத வேறு பிழைகளையும் கண்டுபிடித்துவிடுவோம். அவர் எதிர்பார்த்ததும் அதுதான் என்று பிற்காலத்தில் புரிந்துகொண்டேன்.

மேடையில் அவர் வகுத்த முறைகள் வருமாறு. பேசுபவருக்கு இடப்புறமாக, அரை அடி பின்னால் நிற்க வேண்டும். எக்காரணம் கொண்டும் உட்காரக் கூடாது. பேசுபவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, ஜனங்களின் முகத்தையே பார்க்க வேண்டும். நெய்யாற்றின்கரைக்கு மலையாளம், பாறசாலைக்குக் கிழக்கே தமிழ், உதியன்குளங்கரையில் முதல் வாக்கியத்தை இரண்டிலும் சொல்லிவிட்டு, எதற்கு அதிகம் பேர் தலையசைக்கிறார்கள் என்று பார்த்துத் தொடர வேண்டும். கூட்டத்துக்கு முன்பே விருந்தினரைச் சந்தித்து, எந்த வேத வசனங்களைச் சொல்லப்போகிறார், எந்த ஆள்களின் பெயர்கள் வரும், ஏதேனும் கதை சொல்வாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வசனங்களுக்கு நம் வேதாகமத்தில் தாள்துண்டு வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சபையாருக்கு வசனங்கள் மனப்பாடம். சொந்த நடையில் மொழிபெயர்த்தால், தெரிந்தவர் வீட்டில் வேறு யாரோ கதவைத் திறந்ததுபோல எல்லாரும் ஏறிட்டுப் பார்ப்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான முறை ஒன்று உண்டு. விருந்தினர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

இந்த முறையால் என் குடும்பத்தில் ஒரு குழப்பம் நேர்ந்ததைக் குறிப்பிட வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், மனைவியை இழந்த ஒரு வெளிநாட்டுப் போதகர் உருக்கமாகப் பேசினார். “என் மனைவி சென்ற வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அவள் இல்லாத வீடு எனக்கு வீடாக இல்லை” என்று நானும் முறைப்படி சொன்னேன். மறுநாள், அதைக் கேட்டிருந்த நேசம்மாள் என்பவர் பாறசாலைப் பக்கத்திலிருந்து, வெள்ளைச் சேலை உடுத்து, வேதாகமம் ஏந்தி, மேலும் இரு பெண்களுடன் எங்கள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். அவர் தம் சபையின் மாதர் சங்கத் தலைவி. கதவைத் திறந்தவர் என் மனைவி.

“நீங்க யாரு?” என்றார் நேசம்மாள்.

“இந்த வீட்டுக்காரியாக்கும்.”

“அப்பம் செத்தது யாரு?”

என் மனைவிக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. “என்னைத்தான் கொன்னுபோட்டாரு போலிருக்கு. உள்ள வாங்க, ஆளுக்கொரு சாயா குடிச்சிட்டு அழலாம்” என்றார்.

அன்று முதல் ஞாயிறு மாலை நான் வீட்டுப்படி ஏறும்போதெல்லாம், “இன்னைக்கு நான் உயிரோட உண்டா?” என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஞானாபரணம் சாரிடம் முறையிட்டேன். “வசனத்தச் சரியாச் சொன்னீரா?” என்று கேட்டார். சொன்னேன் என்றேன். “பின்னே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த மனிதர் எத்தகையவர் என்பதை வேறொரு நாள் கண்டேன். வெளிநாட்டு மிஷன் அதிகாரி ஒருவர் பெரிய கூட்டமொன்றில் பேசினார். மொழிபெயர்த்தவர் ஞானாபரணம் சார். பேச்சின் நடுவே அந்த அதிகாரி, இங்குள்ள அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்குக் கடிதம் போட்டால் பதில் வருவதற்குள் பருவமழை இரண்டு முறை வந்துபோய்விடுகிறது என்று குறை சொன்னார். அருகில் நிற்பவர்தாம் அந்தப் பிரிவின் தலைவர் என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஞானாபரணம் சார் ஒரு சொல் குறையாமல், மழை உட்பட, கணீரென்று தமிழில் சொன்னார். அதிகாரியின் குரலில் இருந்த எரிச்சலையும் விடவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்ததும், “அந்த ஒரு வாக்கியத்தை விட்டிருக்கலாமே சார்” என்று கேட்டேன்.

“வாயக் கடன் குடுத்தாச்சுன்னா, கூட்டம் முடிஞ்ச பெறகாக்கும் திருப்பி வாங்கணும்” என்றார். அதன்பின் என்னை ஏற இறங்கப் பார்த்து, “கடிதத்துக்கெல்லாம் நாளைக்கே பதில் எழுதணும். எல்லாம் உம்ம மேசையிலதான் கெடக்கு” என்றார்.

இனி, நான் பணியாற்றிய காலத்தில் மிகக் கடினமான ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அது ஓய்வுக்குச் சற்று முன்னர் நேர்ந்தது.

பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் இடையே, தென்னந்தோப்புகளுக்குள் ஒரு பழைய மிஷன் சபை இருக்கிறது. நேசம்மாளின் சபை அதுதான். வெள்ளையர் ஆண்ட காலத்தில் ஓர் ஆங்கிலிக்கன் பேராயர் அங்கு வந்துபோனார் என்பது அச்சபையாரின் தலைமுறைப் பெருமை. ஆள்கள் தோளில் சுமக்கும் தூக்குப் பல்லக்கை அன்று மஞ்சல் என்பார்கள். அதில் வந்து இறங்கியதால் அவர் பெயர் மஞ்சல் பிஷப்பு. அவர் அமர்ந்து அருளுரை ஆற்றியதாக ஒரு தேக்கு நாற்காலியைக் காட்டுவார்கள். உயர்ந்த முதுகு, சிங்கமா நாயா என்று தீர்மானிக்க முடியாத முகங்கள் செதுக்கிய கைப்பிடிகள். ஆண்டுதோறும் சபை நாளன்று அதைத் தூக்கி வந்து பீடத்துக்கு வலப்புறம் வைத்து, வெள்ளைத் துணி விரிப்பார்கள். எவரும் அதில் உட்காரமாட்டார்கள். பிற்காலத்தில் சபைகள் ஒன்றாகி எங்களுக்கும் பேராயர்கள் வந்தபோதுகூட, அவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

அவ்வாண்டு, மஞ்சல் பிஷப்பின் கொள்ளுப்பேரன் இங்கிலாந்திலிருந்து வருவதாக ஏற்பாடாயிற்று. ஓய்வுபெற்ற மருத்துவர், நெடிய உருவம், மென்மையான குரல். சபைச் செயலர் செல்வராஜ், பாறசாலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், நாற்காலிக்குக் கண்ணாடிக்கூடு செய்வித்தார். ‘மஞ்சல் பிஷப்பு அமர்ந்து அருளுரை ஆற்றிய நாற்காலி’ என்று கருங்கல்லில் வெட்டுவித்தார். விருந்தினர் அதைத் திறந்துவைப்பார். பேராயரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கு. பேச்சை மொழிபெயர்ப்பதும் நானே.

வரலாற்றை உழைத்தே எழுதினேன். கிராமப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தது, கிரேக்க மொழியில் பரிசு வாங்கியது, கப்பலில் வந்து சென்னையில் இறங்கியது, நெல்லைச் சீமையின் பனங்காட்டு ஊரொன்றில் முன்ஷி ஒருவரிடம் தமிழ் படித்தது, படித்த வேகத்தில் அந்த முன்ஷியையே திருத்தப் புகுந்து பாடம் நின்றுபோனது, பள்ளிக்கூடங்கள் கட்டியது, பேராயரானது, சட்டதிட்டங்களில் கண்டிப்பாக இருந்து பலரின் மனக்கசப்பைச் சம்பாதித்தது, முதுமையில் தாய்நாடு திரும்பி ரோஜா வளர்த்தது. நாற்காலி பற்றிய வாக்கியத்தை மட்டும் ‘என்று சொல்லப்படுகிறது’ என முடித்திருந்தேன். உறுதிசெய்ய இயலாத எதையும் அப்படித்தான் முடிப்பேன். கட்டுரை அச்சாகிச் சபையார் எல்லாருக்கும் அளிக்கப்பட்டது.

அன்று காலை போதகர் இல்லத்தில் இடியாப்பமும் முட்டைக்கறியும். வழக்கமான கேள்விகளை விருந்தினரிடம் கேட்டேன். ஒரு வசனம், இரண்டு பெயர்கள், ஒரு கதை என்றார். கதையையும் சொன்னார். அவர்கள் குடும்பத்தில் பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட செல்வராஜின் கையில் இடியாப்பம் அப்படியே நின்றது. என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்.

“கேட்டேளா சாரே?”

“கேட்டேன்.”

“அத மட்டும் விட்டிருங்க. கையெடுத்துக் கும்பிடுதேன். கல்லு வெட்டியாச்சு, கூடு செய்தாச்சு. அடுத்த சபைக்காரனெல்லாம் வந்து மொத பெஞ்சுல இரிக்கான். நம்ம ஆளுக பிஷப்ப நாற்காலி குடுக்காம தரையில இருத்துனாங்கன்னு மைக்கில சொன்னா, நாளைக்கி நான் கடையத் தொறக்காண்டாமா?”

“அவர் சொல்வதை நான் சொல்வேன்.”

“அவரு சொல்லுத இங்கிலீசு ஒதட்டுக்குள்ளயே நிக்குது. இஞ்ச இங்கிலீசு படிச்சவங்க உண்டு, ஆனா அது ஒருத்தனுக்கும் மனசிலாவாது. நீங்க சொன்னாத்தான் உண்டு. பின்னே, நட்டம் எனக்கு மட்டுமா? நாற்காலியில இருந்தாருன்னு அச்சடிச்சு வாசிக்கப் போறது யாரு? நீங்கதானே?”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இத்தனை ஆண்டுகளாக இந்தச் சபைகளில் என் சொல்லை எவரும் சந்தேகித்ததில்லை. அந்த நற்பெயர் அரை மணி நேரத்தில் போய்விடக் கூடும். ஒரு வாக்கியத்தை விழுங்கினால் அது பத்திரமாக இருக்கும். ஆலயத்துக்குள் போனேன்.

கூட்டுக்குள் வைப்பதற்கு முன், பீடத்தருகே இருந்த அந்த நாற்காலியில் ஒருமுறை அமரும்படி விருந்தினரைப் போதகர் வேண்டினார். அவர் சிரித்துக்கொண்டே கைகூப்பி மறுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன தாழ்மை என்று சபை நெகிழ்ந்தது. நான் என் கட்டுரையை வாசித்தேன். ‘சொல்லப்படுகிறது’ என்ற சொல்லைச் சற்று அழுத்தியே வாசித்தேன். பிறகு விருந்தினர் எழுந்தார். நான் இடப்புறம், அரை அடி பின்னால் நின்றேன்.

வணக்கமும் வசனமும் முடிந்தன. கதைக்கு வந்தார். செல்வராஜ் பக்கவாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். சபையார் மடியில் என் அச்சிட்ட கட்டுரை. விருந்தினர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். என் பணிக்காலத்தில் முதன்முறையாக எனக்கு வாய் எழவில்லை.

“சாரே, மைக்கு போச்சா?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து நேசம்மாள் கேட்டார்.

மைக்கு போகவில்லை. சொன்னேன்.

“என் கொள்ளுப்பாட்டனார் திருவனந்தபுரம் போகும் வழியில், நெய்யாற்றில் வெள்ளம் என்று கேள்விப்பட்டு, உங்கள் ஊரில் தங்கினார். மறுநாள் ஞாயிறு. தாம் பிரசங்கம் செய்ய விரும்புவதாகச் சொல்லி அனுப்பினார். உங்கள் முன்னோர் கூடி ஆலோசித்துப் பதில் அனுப்பினார்கள். ‘எங்கள் மிஷன் சபையில் பிஷப்புமார் கிடையாது. வேண்டாம் என்று இருப்பவர்கள் நாங்கள். பிரசங்கத்துக்கு இடம் தர முடியாது. ஆனால் ஆராதனைக்கு வரலாம், எங்களோடு இருக்கலாம்’ என்றார்கள். அவர் கோபக்காரர். ஆனாலும் வந்தார். நாற்காலி இல்லை. ஆண்களோடு பாயில் உட்கார்ந்தார். பேராயர்கள் அணியும் உடையில் முழங்கால்வரை பொத்தான். காலை மடக்க முடியவில்லை, நீட்டவும் மரியாதை விடவில்லை. தூணில் சாய்ந்துகொண்டார். உங்கள் ஊர் உபதேசியார் பிரசங்கத்தை முடிக்கவே இல்லை. முடித்தபோது பேராயரின் கால்கள் மரத்துப்போய், இருவர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். இந்தியாவில் தமக்கு யாரும் ‘முடியாது’ என்று சொன்ன ஒரே ஊர் இதுதான் என்று அவர் கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். இந்த ஊரைப் பார்க்கத்தான் நான் வந்தேன்.”

சபையார் நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு மடியில் இருந்த தாளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நேசம்மாள் எழுந்தார். “எங்க ஆளுகளாக்கும்!” என்றார். “வெள்ளக்காரன் பிஷப்பயே பாயில இருத்துன ஆளுக!”

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது, பிறகு ஆண்கள் பக்கம். கைதட்டல் ஓய நேரம் ஆயிற்று. முதல் பெஞ்சில் இருந்த அடுத்த சபைப் பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. “எங்க ஊருக்கு வந்திருந்தா நாங்க நாற்காலி குடுத்திருப்போம்” என்றார்.

“அதுனாலயாக்கும் உங்க ஊர யாரும் ஓர்மையில வைக்காம போனது” என்றார் நேசம்மாள்.

விருந்தினருக்கு இதைக் காதோடு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பழைய தூண் எது என்று கேட்டார். காட்டினார்கள். பாய் வந்தது. அந்த நெடிய மனிதர் அப்படியே தூணில் சாய்ந்து தரையில் அமர்ந்து, அங்கிருந்தபடியே பேசத் தொடங்கினார்.

ஞானாபரணம் சார் இதற்கு முறை எதுவும் வகுக்கவில்லை. தரையில் இருப்பவருக்கு அரை அடி பின்னால் தூண் இருந்தது. குனிந்தால் அவர் சொல்வது கேட்டது, மைக்கு எட்டவில்லை. நிமிர்ந்தால் மைக்கு எட்டியது, அவர் குரல் கேட்கவில்லை. தரையில் உட்கார என் முழங்கால்கள் இணங்கவில்லை.

“ஆளு தரையில இரிக்காரு, தர்ஜமை கொடிமரம் மாதிரி நிக்குது” என்றார் நேசம்மாள். “எலே செல்வராசே, அந்த நாற்காலிய எடுத்துப் போடு!”

“அக்கா, அது பிஷப்பு நாற்காலி...”

“எந்தப் பிஷப்பு? அவரு பாயிலல்லவா இருந்தாரு? இப்பந்தானே சாரு சொன்னாரு? சாரு இல்லாதது சொல்லுவாரா?”

செல்வராஜ் என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளைத் துணியை உருவிவிட்டு, நாற்காலியைத் தாமே தூக்கி வந்து தூணருகே போட்டார். நான் மறுத்தேன். மொழிபெயர்ப்பவன் உட்காரக் கூடாது என்று விளக்கவும் முயன்றேன்.

“இரிங்க சாரே” என்றார் நேசம்மாள். “பெஞ்சாதி செத்தப்பமே உங்கள இருத்தி ஒரு ஆறுதல் சொல்லல்ல.”

மூன்றாம் வரிசையில் இருந்த என் மனைவி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். உட்கார்ந்தேன்.

விருந்தினர் பேச்சை முடித்ததும், “என் கால்கள் மரத்துவிட்டன. யாராவது இருவர் என்னைத் தூக்கிவிடுங்கள்” என்றார். நாற்காலியில் இருந்தபடியே அதையும் சொன்னேன். ஒரு கையைச் செல்வராஜ் பிடித்தார். மற்றொரு கையைப் பிடித்தவர் அடுத்த சபைப் பெரியவர். பிறகு எல்லாருக்கும் கஞ்சியும் பயறும் இல்லை, பிரியாணிதான். அதற்குத்தான் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள்.

மறுநாள் செல்வராஜ் கடையைத் திறந்தார். கதையைக் கேட்பதற்கென்றே ஆள்கள் வந்ததாகவும், வந்தவர்கள் ஆணியாவது வாங்கிப்போனதாகவும் பின்னர் சொன்னார். கல்லைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு வாசகம் வெட்டினார்கள். வாசகம் என்னுடையது: ‘இந்தத் தூணருகே ஒரு பேராயர் பாயில் அமர்ந்து பிரசங்கம் கேட்டார்.’ அதில் ‘சொல்லப்படுகிறது’ என்ற சொல் இல்லை. கண்ணாடிக்கூட்டில் இப்போது மாதர் சங்கத்தார் பாட்டுப்புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்கள்.

என்னிடம் கேட்க வந்த இருவருக்கும் முடிவாக ஒன்று. நிற்க வேண்டும் என்ற முறையை எங்கும் கைவிடாதீர்கள். அந்த ஒரு சபையில் மட்டும் உங்களை நிற்க விடமாட்டார்கள். தர்ஜமைக்கு அங்கே நாற்காலி உண்டு. சாய்வதற்கு வசதியில்லாத நாற்காலி, நிமிர்ந்துதான் உட்கார முடியும். உட்கார்ந்து பாருங்கள், பழகிவிடும்.